பாடத்துக்கு 11 தட்டு, விடைக்கு ஒரே தட்டு

பழக்கதோஷத்தில்தான் எண்ண ஆரம்பித்தேன். பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிப் போகிற சந்து ஒன்றில், எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் அக்காவின் கடை இருக்கிறது. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அவர் கொக்கி தைத்து முடிக்கட்டும் என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, ஏழாவது படிக்கிற அவர் மகள் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு வெட்டுமேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் பயிற்சி. ஆப்பைத் திறக்க ஒரு தட்டு, 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்பதைத் தள்ளிவிட ஒன்று, அறிவிப்புகள் அனுப்பலாமா என்ற கேள்விக்கு ஒன்று, தள்ளுபடி விளம்பரத்தை மூட ஒன்று (அது முதல் முயற்சியில் மூடவில்லை, இருந்தாலும் ஒன்று என்றே வைத்துக்கொண்டேன்), யார் படிக்கிறீர்கள் என்பதற்கு ஒன்று, ஓடிபி அனுப்பச் சொல்லி ஒன்று, வந்ததை உள்ளிட்டு ஒன்று, பாடம், அத்தியாயம், வீடியோவா பயிற்சியா, கடைசியாகத் 'தொடங்கு'. மொத்தம் 11.

இதில் ஏழாவது தட்டுக்கு முன்னால் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போயிருந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அந்த நேரத்தில் மாரத்தஹள்ளிப் பக்கம் டிராஃபிக்கில் இருந்தார். அம்மா இன்னொரு போனில் அவரைக் கூப்பிட, அவர் வண்டியை ஓரம்கட்டி எண்ணைப் படித்துச் சொல்ல, அதற்குள் அது காலாவதியாகிவிட, மறுபடியும் ஒரு சுற்று. அந்தப் பெண் எந்தச் சலிப்பும் இல்லாமல் காத்திருந்தாள். எனக்குத்தான் உள்ளே எரிந்தது.

அப்புறம் கணக்கு வந்தது. பின்னங்கள். படித்தாள், உதட்டைக் கடித்தாள், நாலைந்து விநாடி இருந்திருக்கும், 'விடையைக் காட்டு' என்று பளபளவென்று பச்சையில் ஒரு பட்டன், தட்டினாள், விடை வந்தது, ஒரு நட்சத்திரமும் விழுந்தது. அடுத்த கணக்கு.

பாடத்துக்குள் போக 11 தட்டு, பாடத்திலிருந்து தப்பிக்க ஒன்று.

அந்த ஆப்பை வடிவமைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வெளிவட்டச் சாலையில் கண்ணாடிக் கட்டடம், அங்கே அப்போது எனக்கு டிசைனர் வேலை. மதுரையிலிருந்து பெங்களூருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது, எளிமையான திரை பற்றி ஜூனியர்களுக்கு வகுப்பு எடுக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தேன். அந்தத் தள்ளுபடி விளம்பரத்தின் மூலையில் இருக்கும் மூடுகிற குறியைச் சின்னதாக வைத்தது என் கைதான். கொஞ்சம் சின்னதாக வையுங்கள், பார்த்துவிட்டு மூடட்டும் என்றார்கள், வைத்தேன். அக்காவிடம் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இதைத்தான் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிற ஆப்பில் இரண்டு கஷ்டம் இருக்கிறது. திரையின் கஷ்டம் ஒன்று, பாடத்தின் கஷ்டம் ஒன்று. சாப்பாடு வரவழைக்கிற ஆப்பிலோ ரயில் டிக்கெட் போடுகிற ஆப்பிலோ இரண்டாவது கிடையாது, அதனால் அங்கே பழகிய கை எல்லாக் கஷ்டத்தையும் வெட்டி எறியப் பார்க்கிறது. நாங்கள் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. திரையின் கஷ்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பாடத்தின் கஷ்டத்தை வெட்டியிருந்தோம். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இலேயே மனத்தின் மேல் ஏறும் சுமை பற்றி எழுதியிருக்கிறார். புதிதாக ஒன்றைக் கற்கும்போது மனசுக்குக் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது, அந்த இடத்தைத் தேவையில்லாத விஷயம் அடைத்துக்கொண்டால் கற்க வேண்டியதற்கு இடம் மிஞ்சாது. ராபர்ட் பியோர்க் என்ற இன்னொரு உளவியலாளர் 1994-இல் இதற்கு மறுபக்கத்தைச் சொன்னார்: சில கஷ்டங்கள் வேண்டியவை, அவற்றை எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் சுலபமாகத் தெரியும், ஆனால் மனசில் தங்காது. இரண்டையும் படித்தவள்தான் நான். படித்ததற்கும் திரையில் வைத்ததற்கும் நடுவில் இருந்த தூரம் வெளிவட்டச் சாலையைவிட நீளம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அங்கே போக ஆரம்பித்தேன். சமோசா வாங்கிக்கொண்டு போவேன். அந்தப் பெண், அவள் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த அக்காவின் அண்ணன் மகன். ஐந்து பேர். திரைகள் பயன்படுத்த எளிதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு ஒன்று உண்டு, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று. ஆபீஸில் அந்த வாக்கியத்தை எல்லோரும் சொல்வார்கள், அந்த ஐந்து பேரையும் பக்கத்து மேஜையிலிருந்தே கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளிடம் 'பிடிச்சிருக்கா' என்று கேட்கவே கூடாது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. சமோசா வாங்கி வந்த ஆன்ட்டியிடம் (ஆமாம், ஆன்ட்டிதான், அக்கா என்று கூப்பிடச் சொல்லித் தோற்றுவிட்டேன்) நல்லா இல்லை என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளைகளை யாரும் வளர்ப்பதில்லை. 'சூப்பர் ஆன்ட்டி' என்பார்கள், ஐந்து பேரும் ஒரே குரலில். அதனால் வேறு வழி பிடித்தேன். அந்தப் பெண் தன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவள், 'டேய், அதைத் தொடாதே, அது எங்கேயோ போயிடும்' என்றாள். எந்த மீட்டிங்கிலும் எங்கள் முகப்புப் பக்கத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வரைந்து பார்த்ததெல்லாம் 27 அங்குல மானிட்டரில். அக்காவின் போன் பழசு, இரண்டு ஜிபி ராம், இடது கீழ் மூலையில் கண்ணாடி விரிசல் விட்டு அந்த இடத்தில் தொட்டால் எதுவும் நடக்காது. எங்கள் 'பின்னால் போ' சரியாக அந்த மூலையில்தான் இருந்தது. சாதாரணமாக ஒரு விரலுக்கு 9 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிற கணக்கு, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான இணைய அணுக்க விதிகளின் 2023-இல் வந்த 2.2 பதிப்பும் குறைந்தபட்சத் தொடு அளவு என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு வேடிக்கை: இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிப் பாட அமைப்பு 1972-லேயே தொடுதிரை வைத்திருந்தது. திரையை 16-க்கு 16 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய அரை அங்குலம். நான் வைத்த மூடுகிற குறி அந்தக் கட்டத்தில் பாதிகூட இருக்காது.

நிறம் பற்றி ஒரு வரி. பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தனுக்குச் சரியான விடையின் பச்சையும் தவறான விடையின் சிவப்பும் ஒரே மாதிரி தெரிந்தன, நாங்கள் நிறத்தை மட்டும் நம்பியிருந்தோம், ஒரு டிக்கும் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தால் போதும்.

போன் அம்மாவுடையது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எங்கள் ஆவணங்களில் 'பயனர்' என்று ஒருவர் இருந்தார், அவருக்கென்று ஒரு போன், ஒரு ஹெட்போன், ஒரு மேஜை, முடிவே இல்லாத டேட்டா. நிஜத்தில் சாயங்காலம் ஏழரையிலிருந்து எட்டேகால்வரை இரவல் வாங்கிய போன், நடுவில் 'பிளவுஸ் ரெடியாம்மா?' என்று வாடிக்கையாளர் கூப்பிடுவார், பேசி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆப் முகப்புக்குப் போயிருக்கும். திரும்பவும் பாடம், அத்தியாயம், பயிற்சி, முதல் கணக்கு. நான் பார்த்த ஒரு மாலையில் மூன்று முறை முதல் கணக்கையே போட்டாள். பழைய போனில் ராம் கம்மி, அழைப்பு வந்தால் பின்னால் இருக்கிற ஆப்பைப் போன் தானே மூடிவிடும், இதில் மர்மம் எதுவும் இல்லை. எந்தக் கேள்வியில் இருந்தோம் என்பதைப் போனிலேயே ஒரு மூலையில் எழுதிவைத்திருந்தால் முடிந்தது. ஆனால் எங்கள் யாருடைய போனிலும் இது நடந்ததே இல்லை, எங்கள் போன்கள் அப்படி.

ஓடிபி விஷயம் இவ்வளவு எளிதில் தீராது. முதல் நாளே எண் கேட்பதற்கு விற்பனைப் பிரிவின் காரணம் ஒன்று உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பேசிப் பயனில்லை. ஆனால் சட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சரியான விஷயம். அதற்காக அப்பா ஆட்டோவில் இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒருமுறை, அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில், எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பது அவருக்குப் புரிகிற மொழியில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் போனில் பிள்ளைகள் ஆளுக்கொரு படத்தைத் தொட்டு உள்ளே போகட்டும். யானை அக்காவுக்கு, கிரிக்கெட் பேட் தம்பிக்கு.

இனி மொழி. இதில்தான் நான் அதிகம் அசடு வழிந்தேன். தமிழ் வீடு, அதனால் தமிழில் வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நானே அமைப்புக்குள் போய் மொழியை மாற்றிக் கொடுத்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கில வழி, இரண்டாம் மொழி கன்னடம், வீட்டில் தமிழ், தெருவில் எல்லாம் கலந்தது. தமிழ்ச் சங்கம் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போகிற தூரம்தான், வள்ளுவர் சிலை இருக்கிறது, இருந்தும் இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதோடு நிற்கிற மொழி. எங்கள் ஆப்போ முதல் திரையில் 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, கேட்கிற மொழி, படிக்கிற மொழி, பாடத்தின் மொழி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும்.

சரி, ஒலியை மட்டும் தமிழில் வைப்போம் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு முடிச்சு. பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று அழகான உச்சரிப்பில் ஒரு குரல் சொன்னது. 'தொகுதின்னா எலக்‌ஷன்ல வருமே, அதுவா?' என்றாள். பள்ளியில் அவளுக்கு அது நியூமரேட்டர், டினாமினேட்டர். விளக்கம் தமிழில், கலைச்சொல் அவள் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறபடி, இதுதான் அவளுக்கு வேண்டிய கலவை. அல்சூரில் எந்த டியூஷன் மிஸ்ஸும் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பார். ஓசூர்ப் பையனுக்கு இதுவே தலைகீழ், அவன் தமிழ் வழி, அவனுக்குத் தொகுதி பகுதிதான் வேண்டும். தமிழ் என்று ஒரே ஒரு தமிழை எங்கள் ஆப் வைத்திருந்தது.

பட்டனில் இருந்த சொற்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'சமர்ப்பிக்கவும்' என்று இருந்தது. சமர்ப்பிப்பது என்றால் எனக்குத் தேங்காய் பழத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் 'ப்பிக்கவும்' பாதியில் வெட்டுப்பட்டு 'சமர்ப்…' என்று நின்றது, ஏனென்றால் பட்டனின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துவிட்டுத் தமிழைப் பிறகு அதற்குள் திணித்திருந்தோம். கணக்கிலிருந்து வெளியே வர 'வெளியேறு'. ஓசூர்ப் பையன் சத்தமாகப் படித்துவிட்டு, 'ஆன்ட்டி, வெளியே போடான்னு சொல்லுது' என்று சிரித்தான். விடை தப்பானால் சிவப்பில் 'தவறு!', ஆச்சரியக்குறியோடு. எந்த நல்ல வாத்தியார் ஆச்சரியக்குறியோடு தவறு என்பார்? 'இன்னொரு தடவை பார்' என்று மாற்றினோம், 'சமர்ப்பிக்கவும்' என்பதை 'சரிபார்' ஆக்கினோம், 'வெளியேறு' என்பது 'இன்றைக்குப் போதும்' ஆனது. 'நீ'யா 'நீங்கள்'ளா என்று மூன்று மீட்டிங் ஓடியது. பிள்ளைகளைக் கேட்டால், ஆறாவது படிக்கிறவன் தன்னை 'நீங்கள்' என்று ஒரு போன் கூப்பிடுவதை ரொம்பப் பெரிய மரியாதையாக நினைத்தான், அதனால் நீங்கள் நின்றது.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் எனக்குத் தூக்கம் போன விஷயம். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு வெட்டுப்பட்டுப் போகிறது. பெரியவர்கள் அர்த்தத்தை வைத்துப் படித்துவிடுவோம், புள்ளி இல்லாததே கண்ணில் படாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு 'பக்கம்' என்பது 'பககம' ஆகிவிடுகிறது.

ஓசூர்ப் பையன் கதைக்கு வருகிறேன். 90 பாகைக்குக் குறைந்த கோணத்தின் பெயர் என்ன என்று கேள்வி, கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். 'குறுங்கோணம்' என்று தட்டச்சு செய்தான், சரியாக. திரை தவறு என்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அழித்துவிட்டு மறுபடியும் அதையே அடித்தான். தவறு. இப்போது யோசிக்க ஆரம்பித்தான். 'குறுங்கோனம்' என்று போட்டான். பிறகு 'குருங்கோணம்'. பிறகு 'குருங்கோனம்'. சரியாக எழுதியிருந்த ஒரு சொல்லை என் கண்ணெதிரே ஒவ்வோர் எழுத்தாகத் தப்பாக்கிக்கொண்டே போனான், ஏனென்றால் போன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாயைத் திறக்க மாட்டேன் என்ற என் விரதம் அங்கே முடிந்தது. 'நீ முதல்ல எழுதினதுதான் கண்ணா சரி' என்றேன். அவன் என்னை நம்பவில்லை.

காரணம் இதுதான். கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையான யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பை ஒரு துண்டாகவும் காலை ஒரு துண்டாகவும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படியே இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பெரும்பாலான நிரல் மொழிகளில் தயாராகவே ஒரு கட்டளை இருக்கிறது. எங்கள் நிரலில் அந்த ஒரு வரி இல்லை. அவன் கொம்பும் காலும் தனித்தனியாகப் போட்டிருந்தான், கையால் எழுதும்போதும் இரண்டையும் தனித்தனியாகத்தானே போடுகிறோம். விடையை அடித்து வைத்தவர் ஒரே துண்டாகப் போட்டிருந்தார். ஒகரத்துக்கும் இதே கதை. ஔகாரத்தில் இன்னும் ஒரு சிக்கல், ஔவையாரை நிறையப் பேர் 'ஒ' போட்டு 'ள' போட்டு எழுதுகிறார்கள், கண்ணுக்கு அதேதான், ஆனால் யூனிகோடு விதி அதை ஒன்றாகச் சேர்க்காது, ஏற்பதா வேண்டாமா என்று ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' அடித்துவிடுகிறவர்களும் அப்படியே.

திரை தப்புச் செய்தாலும் மனிதர்கள் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்கள் என்று வடிவமைப்பு பற்றி எழுதுகிற டான் நார்மன் 1980-களிலிருந்தே எழுதிவருகிறார். கதவுக்கும் அடுப்புக்கும் அது சரி, கதவு திறக்காவிட்டால் மனம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். பாடத்தில் அப்படி நடந்தால் பிள்ளை தனக்குத் தெரிந்ததையே தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறது.

வீடியோ பற்றிச் சுருக்கமாக. எங்கள் பாடங்கள் 20 நிமிடத்துக்கு மேல் ஓடின. பிலிப் குவோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்க்கப்பட்ட நேரத்தின் நடு அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்த மாணவர்கள், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. அக்கா பெடலை மிதித்தால் வீடியோவில் ஒன்றும் கேட்காது, ஹெட்போன் கிடையாது, அப்போதெல்லாம் அந்தப் பெண் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்தாள். காது கேளாதவர்களுக்காக வைத்தது என்று ஆபீஸில் ஒதுக்குப்புறமாக வைத்திருந்த வசதி அது. வெள்ளையில் சாம்பல் நிறத்தில் வேறு, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்று அணுக்க விதி சொல்கிறது, எங்களுடையது அதில் பாதி.

அவர்கள் ஐந்து பேருக்கும் ரொம்பப் பிடித்தது பத்து விநாடி பின்னால் போகிற பட்டன். 'மிஸ் திரும்பச் சொல்லுங்க' என்று வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம். இங்கே கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தப் பெண் ஒரே வாக்கியத்தை ஏழு தடவை கேட்டாள். எங்கள் அறிக்கையில் அது 'தடுமாற்றம்' என்ற தலைப்பில் சிவப்பாகப் பதிவாகும்.

இப்போது பாடத்தின் கஷ்டம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தம்பிக்காரன் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தான்: முதலாவதைத் தட்டு, சிவப்பா, இரண்டாவதைத் தட்டு, சிவப்பா, பச்சை வரும்வரை தட்டு. கேள்வியைப் படிக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் ஓர் அத்தியாயம் முடிந்து, நட்சத்திரங்கள் கொட்டி, கைதட்டல் சத்தம். அவன் செய்தது தப்பே இல்லை, நாங்கள் வைத்த விளையாட்டை ஒழுங்காக ஆடினான். ஆபீஸில் பாடத்தை முடித்தவர்களின் வரைபடம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அதற்கு நானும் கேக் சாப்பிட்டிருக்கிறேன்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை ஒன்றை நான் எல்லா இடத்திலும் சொல்வேன். மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். நம் பாட்டிமார் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு 'இப்பச் சொல்லு பார்க்கலாம்' என்பார்களே, அதுதான். எங்கள் ஆப் ஐந்தாவது நிமிடத்தை அளந்துகொண்டிருந்தது.

மாற்றியது எல்லாம் இந்த வரிசையில்தான். 'விடையைக் காட்டு' உடனே வராது, முதலில் ஏதாவது ஒன்றை முயன்று பார்த்திருக்க வேண்டும், பிறகு முதல் படி மட்டும் வரும், பிறகு இரண்டாவது. தப்பான விடையைத் தட்டினால் மிச்சம் மூன்றும் அங்கேயே நிற்காது, எண்களை மாற்றி வேறொரு கணக்கு வரும். இதற்கு ஆபீஸில் நடந்த சண்டையை விவரிக்க மனமில்லை. 'பயனருக்குக் கஷ்டம் கொடுக்கச் சொல்கிறாயா?' என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய 'ஏழு கூட்டல் குறைத்தல் இரண்டு' என்ற கணக்கை (மனசு ஒரே நேரத்தில் பிடித்துவைத்திருக்கக்கூடியவற்றின் எண்ணிக்கை) இன்னொருவர் எடுத்துக்கொண்டு, மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆரம்பித்தார். அது நினைவில் வைத்துக்கொள்வதைப் பற்றியது, மெனு கண்ணெதிரேதானே இருக்கிறது, யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார், பழகிவிட்டது.

எனக்குப் பொறாமை வந்த ஒரு விஷயமும் உண்டு. ஓசூர்ப் பையன் தன் பாடப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடங்களோடு கியூஆர் குறி இருக்கிறது. போனைக் காட்டினான், அந்தப் பாடத்தின் வீடியோ வந்தது. 2017-இல் தொடங்கிய தீக்ஷா என்ற அரசுப் பாடத் தளம், அதன் அடித்தளமான சன்பேர்ட் என்ற மென்பொருள் இதே பெங்களூரில் எக்ஸ்டெப் அமைப்பு உருவாக்கியது. பாடம், அத்தியாயம், பயிற்சி என்று எங்கள் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது தட்டு எதுவும் அவனுக்கு இல்லை. ஏற்கெனவே விரித்து வைத்திருக்கிற புத்தகம்தான் மெனு. மாதக்கணக்கில் நாங்கள் வண்ணம் மாற்றி, படம் மாற்றி, வரிசை மாற்றிச் செப்பனிட்ட முகப்புப் பக்கத்தை ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் தேவையில்லாமல் ஆக்கியிருந்தது.

11 தட்டு நாலானது. மூன்றாக்க முடியவில்லை, விளம்பரத்தைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. மூடுகிற குறியை மட்டும் யாரிடமும் கேட்காமல் பெரிசாக்கினேன். பிறகு கொஞ்ச நாளில் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், அது வேறு காரணம்.

போன மாதம் தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். அந்தப் பெண் இப்போது எட்டாவது. வெட்டுமேஜைக்கு அடியில் இடம் போதாமல் வெளியே வந்துவிட்டாள், கால் நீட்டி உட்கார்ந்து, அதே விரிசல் போன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், அக்கா பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவள் விட்ட கேள்வியிலிருந்து போய்க்கொண்டே இருந்தாள், எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. தையல் சாக்பீஸை எடுத்து மேஜையின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினாள், அழித்தாள், மறுபடியும் கிறுக்கினாள்.

'என்ன கணக்குடி அது, இவ்ளோ நேரம்?' என்றார் அக்கா, மிஷினை நிறுத்தாமலே.

'ஒரு துணியில அஞ்சுல மூணு பங்கு வெட்டியாச்சாம்மா. மிச்சத்துல பாதி 90 சென்டிமீட்டராம். முழுத் துணி எவ்ளோன்னு கேக்கறாங்க.'

'நாலரை மீட்டர்.'

'அம்மா!' என்று கத்தினாள் அவள். சாக்பீஸ் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. 'உன்னை யாரு சொல்லச் சொன்னா? நானே போட்டிருப்பேன்ல!'